நகர்ந்துபோன சர்ச்... காணாமல்போன ஊர்!

செக் மொழியில் 'மோஸ்ட்' என்றால் பாலம். அந்தப் பேர் உள்ள ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் கேட்ட முதல் கேள்வி, "எங்கடா பாலம்?" என்பதுதான். கூட வந்த நண்பன் கொஞ்சம்கூடச் சிரிக்காமல் சொன்னான்... "பாலம் என்ன, அந்த ஊரே இல்லை. நீ நிக்கிறது வேற ஊரு!"

ஙே!

ப்ராக் நகரத்துக்கு மேல்படிப்புக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. இங்கே வர்ற நம்ம பசங்களுக்கு ஒரு ஃபிக்ஸட் ரூட் இருக்கு. சார்லஸ் பாலத்தில் நாலு போட்டோ, கார்லோவி வாரியில் வெந்நீர் ஊற்று, செஸ்கி க்ரும்லோவில் கோட்டை... அவ்வளவுதான், செக் குடியரசைக் கரைச்சுக் குடிச்சாச்சு! மோஸ்ட் மாவட்டத்துக்கு யாரும் போறதில்லை. ப்ராக்கில் இருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனா, "அங்கே போய் என்னத்தைப் பார்க்கப் போறே?" என்று செக் பசங்களே உதட்டைப் பிதுக்குவாங்க.

லேப்பில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரனுக்கு அதுதான் சொந்த ஊர். நான் நெய்வேலிப் பக்கம் என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லப்போக, பயல் கண்ணு விரிஞ்சுடுச்சு. "லிக்னைட்டா? அப்போ எங்க ஊரைப் பார்த்தா உனக்குத்தான் புரியும், வா" என்று செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை இழுத்துட்டுப் போயிட்டான்.

முதல்ல கொஞ்சம் ஜியாகரஃபி. போரடிக்காது, நம்புங்க!

செக் நாட்டின் வடமேற்கில், உஸ்தி நாட் லாபெம் பிராந்தியத்துக்குள் இருக்கிற ஒரு 'ஓக்ரெஸ்' இது. நம்ம கணக்கில் மாவட்டம். உடனே கலெக்டர் ஆபீஸ், சைரன் வெச்ச கார், டவாலி என்றெல்லாம் கற்பனை பண்ணிடாதீங்க. 2002-ம் வருஷக் கடைசியோடு மாவட்ட அலுவலகங்களை நாடு முழுக்க மூடிட்டாங்க. கோர்ட், போலீஸ், புள்ளிவிவரக் கணக்கு போன்ற விஷயங்களுக்குத்தான் இப்போ இந்த எல்லை. பரப்பளவு சுமார் 467 சதுர கிலோமீட்டர். மொத்தம் 26 ஊர்கள். மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. அதில் பாதிக்கு மேல் மோஸ்ட் நகரத்திலேயே இருக்காங்க.

வடக்கே 'க்ருஷ்னே ஹோரி' என்கிற மலைத்தொடர். 'தாது மலைகள்'னு வெச்சுக்கலாம். அந்தப் பக்கம் இறங்கினா ஜெர்மனியின் சாக்ஸனி. இந்தப் பக்கம் மலை மெதுவாச் சரியாது. யாரோ சுவர் எழுப்பின மாதிரி சட்டென்று நிற்கும். சுவருக்குக் கீழே தட்டையான பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்குக்கு அடியில் பழுப்பு நிலக்கரி. இந்த மாவட்டத்தின் மேப்பை வரைஞ்சதும் அழிச்சதும் அந்தக் கரிதான்.

ஒரு காலத்தில் இங்கே சதுப்பு நிலமும், கொமோரானி என்ற பெரிய ஏரியும் இருந்ததாம். ப்ராக்கில் இருந்து சாக்ஸனிக்குப் போற வியாபாரிகள் பீலினா ஆற்றையும் அந்தச் சேற்றையும் தாண்டறதுக்குப் போட்ட பாலம்தான் ஊருக்குப் பேர் கொடுத்தது. 1040-ல் நடந்த ஒரு போரைப் பற்றி எழுதும்போது, கோஸ்மாஸ் என்ற பழைய வரலாற்றாசிரியர் 'ஹ்னெவாவின் பாலம்' என்று இந்த இடத்தைக் குறிப்பிடுகிறார். ஜெர்மன்காரர்கள் வெச்ச பேர் ப்ரூக்ஸ். அதுக்கும் பாலம்தான் மூலம். ஏரியை 19-ம் நூற்றாண்டில் வடிச்சு விவசாய நிலம் ஆக்கிட்டாங்க. அப்புறம் அந்த விவசாய நிலத்தைக் கரிக்காகத் தோண்டிட்டாங்க. தோண்டின பள்ளத்தில் இப்போ மறுபடி ஏரி! இயற்கையை வெச்சு மனுஷன் ஆடின மியூசிக்கல் சேர் இது.

நண்பன் என்னை நேரா ஹ்னெவீன் மலைக்குத் தள்ளிட்டுப் போனான். 399 மீட்டர்தான். மேலே ஒரு குட்டிக் கோட்டை. ஒரிஜினல் கோட்டையை 17-ம் நூற்றாண்டில் இடிச்சுட்டாங்க. இப்போ இருக்கிறது இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சும்மா வேடிக்கை பார்க்கக் கட்டினது. இரண்டாம் ருடால்ஃப் சக்ரவர்த்திக்குத் தங்கம் செஞ்சு தர்றேன்னு கதை விட்ட எட்வர்ட் கெல்லியை இங்கேதான் அடைச்சு வெச்சிருந்ததாச் சொல்றாங்க. (தங்கம் வரலை. ஆள் உள்ளே போயிட்டார். நம்ம ஊர் ஈமு கோழி பார்ட்டிகளுக்கு முன்னோடி!)

மேலே நின்னு பார்த்தா மாவட்டமே தட்டில் வெச்ச மாதிரி தெரியுது. ஒரு பக்கம் மோஸ்ட் நகரம். பத்து மாடி, பன்னிரண்டு மாடி கான்க்ரீட் பெட்டிகள், அகலமான ரோடு, வரிசை வரிசையா மரம். தூரத்தில் ஸாலுஷீ கெமிக்கல் ஃபேக்டரிப் புகை. அதுக்குப் பின்னால் லித்வீனோவ். எல்லாத்துக்கும் முதுகில் நீலமா மலைச் சுவர். கண்ணுக்கு நேர் கீழே ஒரு பிரமாண்டமான நீல ஏரி. ஏரிக்கரையில் தனியா, சுத்துப்பட்டுல ஒரு தெருகூட இல்லாம ஒரு பழங்காலத் தேவாலயம்.

"அந்த ஏரி இருக்கே... அதுதான் மோஸ்ட்" என்றான்.

விஷயம் இதுதான். பழைய மோஸ்ட் நகரம் 700 வருஷத்துக்கும் மேல் பழசு. சந்தைத் திடல், மடாலயம், தியேட்டர், டவுன் ஹால் எல்லாம் இருந்த அசல் நகரம். அதுக்கு நேர் அடியில் நல்ல தரமான கரி கோடிக்கணக்கான டன் கிடந்தது. 1964-ல் செக்கோஸ்லோவாகியாவின் கம்யூனிஸ்ட் அரசு முடிவெடுத்தது... ஊரைக் காலி பண்ணு, கரியை எடு. பக்கத்திலேயே புது நகரம் கட்டினாங்க. பழசைத் தெருத் தெருவா இடிச்சாங்க. இந்த வேலை 1980-கள் வரைக்கும் நடந்தது. இடிஞ்ச தெருக்களைப் பார்த்து சினிமாக்காரங்க ஓடி வந்தாங்க. உலகப் போர்ப் படத்துக்கு இதைவிட நல்ல செட் கிடைக்குமா? 1979-ல் வெளிவந்த 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' படத்தை இங்கேதான் எடுத்தாங்க.

மொத்த ஊரிலும் ஒரே ஒரு பெரிய கட்டடத்துக்கு மட்டும் உயிர்ப்பிச்சை கிடைச்சது. கன்னி மரியாளின் விண்ணேற்புத் தேவாலயம். 1515-ல் ஊரே தீப்பிடிச்சு எரிஞ்ச பிறகு, ஷ்வைன்ஃபுர்ட் ஊர்க்காரரான யாகோப் ஹைல்மன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைச்சு, 1517-ல் ஆரம்பிச்சுக் கட்டினது. உள்ளே தலையை அண்ணாந்து பார்த்தீங்கன்னா, கூரையில் கல்லாலேயே கோலம் போட்ட மாதிரி வளைவுகள் பின்னிப் பின்னி ஓடுது. கோலம்னா சும்மா இல்லை, மார்கழி மாசக் கடைசி நாள் கோலம்!

அதை எப்படிக் காப்பாத்தினாங்க தெரியுமா? உருட்டிட்டுப் போனாங்க!

ஜோக் இல்லை. மேற்குக் கோபுரத்தை மட்டும் கழட்டினாங்க. மீதிக் கட்டடத்தைச் சுற்றியும் உள்ளேயும் இரும்புச் சட்டம் கட்டி இறுக்கினாங்க. அடியில் வெட்டி, 53 ராட்சத வண்டிகள் மேலே மொத்தத் தேவாலயத்தையும் ஏத்தினாங்க. எடை 10,000 டன்னுக்கும் மேல். தண்டவாளம் போட்டு, 1975 செப்டம்பர் 30-ம் தேதி தள்ள ஆரம்பிச்சாங்க. வேகம்? நிமிஷத்துக்கு ஒண்ணுலேர்ந்து மூணு சென்டிமீட்டர். நத்தையே ஹார்ன் அடிச்சு ஓவர்டேக் பண்ணும். ஒவ்வொரு வண்டியிலும் ஹைட்ராலிக் ஜாக்கி. ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்தாலும் கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சு சரி பண்ணும். 1975-ல் கம்ப்யூட்டர், பாஸ்! அக்டோபர் 27-ம் தேதி போய்ச் சேர்ந்தது. மொத்த தூரம் 841 மீட்டர். 28 நாள். கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு 30 மீட்டர். தண்டவாளத்தில் நகர்த்தப்பட்ட மிகக் கனமான கட்டடம் என்று கின்னஸில் இடம் பிடிச்சுட்டாங்க.

தேவாலயத்துக்குள்ளேயே இந்த நகர்த்தலைப் பற்றிய கண்காட்சி இருக்கு. இன்ஜினீயரிங் பசங்க யாராவது அந்தப் பக்கம் போனா தயவுசெஞ்சு மிஸ் பண்ணாதீங்க. நான் அங்கேயே ஒரு மணி நேரம் வாயைப் பிளந்துட்டு நின்னேன்.

நண்பன் மட்டும் உள்ளே வரவே இல்லை. வாசலில் உட்கார்ந்து போனை நோண்டிக்கிட்டு இருந்தான். "ஸ்கூல்ல வருஷா வருஷம் கூட்டிட்டு வருவாங்க. ஒரு சர்ச்சை ஒரு விரிசல் இல்லாம நகர்த்தத் தெரிஞ்ச நாட்டுக்கு, எங்க பாட்டி வீட்டை அரை மீட்டர்கூட நகர்த்தத் தெரியலை பார்த்தியா" என்றான். அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?

மத்தியானம் சாப்பாடு அந்தப் பாட்டி வீட்டில்தான். புது மோஸ்ட்டில், ஏழாவது மாடி. இந்த மாதிரி கான்க்ரீட் பலகை அடுக்கிக் கட்டின வீட்டுக்கு 'பனெலாக்' என்று பேர். பாட்டிக்கு எண்பது வயசு தாண்டியாச்சு. எனக்கு மாட்டுக்கறி ஒத்துக்குமான்னு முதல்லயே பேரன்கிட்ட விசாரிச்சு வெச்சிருந்தாங்க. தட்டு நிறைய க்னெட்லீக்கி போட்டாங்க. மாவில் உருட்டி வேகவெச்சு, துண்டு போட்ட ஐட்டம். நம்ம இட்லிக்குத் தூரத்துச் சொந்தம், கொஞ்சம் முரட்டுச் சொந்தம்.

"ஊரை இடிக்கும்போது யாரும் சண்டை போடலையா பாட்டி?" என்று கேட்டேன். பேரன் மொழிபெயர்த்தான்.

பாட்டி ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னாங்க. அவங்க அப்பா, அம்மா மோஸ்ட்டுக்கு வந்ததே 1946-லதான். அதுக்கு முன்னாடி இங்கே பெரிய எண்ணிக்கையில் ஜெர்மன் பேசுற மக்கள் இருந்தாங்க. 1938-ல் ஹிட்லர் இந்தப் பகுதியைப் பிடுங்கிக்கிட்டான். போர் முடிஞ்சதும் 1945, 46-ல் ஜெர்மன்காரர்களை எல்லையைத் தாண்டி அனுப்பிட்டாங்க. காலியான வீடுகளில் உள்நாட்டில் இருந்து வந்தவங்க குடியேறினாங்க. "எங்க வீட்டு அலமாரியைத் திறந்தா, முன்னாடி இருந்தவங்க சாப்பிட்ட தட்டு அப்படியே இருந்ததாம். அம்மா அதுலதான் எங்களுக்குச் சோறு போட்டாங்க. வீட்டுக்காக யார்கிட்ட போய்ச் சண்டை போடறது? அது எங்க வீடுன்னு சொல்லவே எங்க அப்பாவுக்குக் கூச்சமா இருந்திருக்கும்."

அரசாங்கத்துக்கும் இது வசதியாப் போச்சு என்பது என் எண்ணம். தலைமுறை தலைமுறையா வேர் விட்டவன் இருந்தா எழுப்பறது கஷ்டம். நேத்து வந்தவனிடம் "கிளம்பு" என்று சொல்றது ஈஸி.

இன்னொரு விஷயமும் பாட்டி சொன்னாங்க. அதைச் சொல்லாம விட்டா நியாயம் இல்லை. பழைய வீட்டில் குளிக்கணும்னா அடுப்பில் கரி போட்டுத் தண்ணி காய்ச்சணும், கக்கூஸ் மாடிப்படியில் பொதுவா இருந்தது. புது ஃப்ளாட்டில் குழாயைத் திறந்தா வெந்நீர். "முதல் நாள் நான் ரெண்டு தடவை குளிச்சேன்" என்று சொல்லிட்டு வெட்கமாச் சிரிச்சாங்க. அவங்களுக்கு மூணாவது மாசம்தான் அழுகை வந்ததாம். பழைய தெருவில் ரொட்டிக் கடைக்குப் போற ஞாபகத்தில் கிளம்பி, பாதி வழியில் தெருவே இல்லாம, பொக்லைன் நிற்கிறதைப் பார்த்தப்போ!

எண்பதுகளில் இந்தப் பள்ளத்தாக்கில் குளிர்காலம் வந்தா மூச்சு முட்டும். கரியை எரிக்கிற மின் நிலையங்கள் கக்கின கந்தகப் புகை மலைச் சுவரில் முட்டி இங்கேயே தங்கிடும். மலை மேலே ஊசியிலைக் காடுகள் ஆயிரக்கணக்கான ஏக்கர் அப்படியே நின்ன நிலையில் செத்துப்போச்சு. ஸ்கூல் பிள்ளைகளை நல்ல காத்துக்காகக் கொஞ்ச நாள் வேற ஊர்களுக்கு அனுப்பி வெப்பாங்க. இந்த ஊரைவிட்டு ஜனங்க ஓடிடக் கூடாதுன்னு அரசாங்கம் தனியா ஒரு போனஸ் கொடுத்தது. அதுக்கு ஜனங்க வெச்ச பேர் 'போஹ்ரெப்னே'. நம்ம பாஷையில் சொன்னா, கருமாதிக் காசு!

சாயங்காலம் ஏரிக்குப் போனோம். பழைய ஊரின் மேல் இருந்த லெஸாகி சுரங்கத்தில் 1999-ல் கரி எடுக்கிறதை நிறுத்திட்டாங்க. 2008-ல் தண்ணி விட ஆரம்பிச்சு, 2014-ல் நிரம்பிச்சு. 300 ஹெக்டேருக்கு மேல் பரப்பு. ஆழம் 75 மீட்டர் வரைக்கும். 2020-ல்தான் ஜனங்களுக்குத் திறந்துவிட்டாங்க. தண்ணி அவ்வளவு சுத்தம். செப்டம்பர் கடைசிக் குளிரிலும் நாலு பேர் நீந்திக்கிட்டு இருந்தாங்க. நண்பனும் சட்டையைக் கழட்டிட்டுக் குதிச்சான். பாட்டி மட்டும் ஒரு தடவைகூட இந்தத் தண்ணியில் கால் வெச்சது இல்லையாம். "எங்க வீட்டுக் கூரை மேல நீச்சலடிக்கச் சொல்றியாடா?"ன்னு பேரனை விரட்டிட்டாங்களாம்.

மாவட்டத்தில் இது மாதிரி 'முன்னாள் சுரங்கம்' நிறைய. மோஸ்ட்டின் குதிரைப் பந்தய மைதானம் சுரங்க மண்ணைக் கொட்டின மேட்டில் இருக்கு. 1983-ல் திறந்த ஆட்டோட்ரோம் ரேஸ் டிராக்கும் சுரங்க பூமியில் எழுந்ததுதான். 2021-லிருந்து உலக சூப்பர் பைக் பந்தயம் அங்கே நடக்குது. பீலினா ஆறு பாவம். எர்வெனிட்ஸே என்கிற ஊரை அழிச்ச இடத்தில், சுரங்க மண்ணைக் கொட்டி ஒரு பெரிய கரை எழுப்பி, ரோடு, ரயில் எல்லாத்தையும் அதன் மேல் விட்டிருக்காங்க. ஆற்றையும் மூணு கிலோமீட்டருக்கு மேல் குழாய்க்குள் போட்டு அதே கரையில் அனுப்பறாங்க. ஆறு குழாயில் போகுது சார்! கொபிஸ்டி, ட்ர்ஷீனோவ், அல்ப்ரெக்டிட்ஸே என்று காணாமல்போன ஊர்ப் பேர்களை நண்பன் கிரிக்கெட் டீம் லிஸ்ட் மாதிரி ஒப்பிக்கிறான்.

மறுநாள் டிராம் பிடிச்சு லித்வீனோவ் போனோம். ரெண்டு ஊர்களை இணைக்கிற டிராம், நடுவில் ஸாலுஷீ ஃபேக்டரி வாசலில் நின்னு போகுது. 1939-ல் நாஜிகள் பழுப்பு நிலக்கரியில் இருந்து பெட்ரோல் எடுக்கக் கட்ட ஆரம்பிச்ச இடம் அது. கிலோமீட்டர் கணக்கில் குழாய், குழாய், குழாய். லித்வீனோவ்காரங்ககிட்ட ஃபேக்டரியைப் பற்றிக் கேட்டா பேச மாட்டாங்க. ஐஸ் ஹாக்கியைப் பற்றிக் கேட்டா நிறுத்த மாட்டாங்க. 1998 நகானோ ஒலிம்பிக்கில் செக் அணிக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த கோச் இவான் ஹ்லிங்கா, மோஸ்ட்டில் பிறந்து லித்வீனோவில் ஆடி வளர்ந்தவர். ஸ்டேடியத்துக்கே அவர் பேர்தான்.

அங்கிருந்து மலையடிவாரமா கொஞ்ச தூரம் போனா ஹோர்னி யிர்ஷெதீன். சுமார் 2,000 பேர் இருக்கிற சின்ன ஊர். பார்க்க ஒண்ணும் ஸ்பெஷல் இல்லை. ஒரு அழகான சர்ச், ஒரு ஸ்கூல், ஆப்பிள் மரங்கள். ஆனா எனக்கு மொத்தப் பயணத்திலும் மனசில் நின்ன ஊர் இதுதான். ஏன்னா, இந்த ஊர் இன்னமும் இருக்கு!

ஊரை ஒட்டியே ஒரு பெரும் பள்ளம். 'செக்கோஸ்லோவாக் ராணுவம்' என்பது அந்தச் சுரங்கத்தின் பேர். மலைச் சரிவில் தொங்கிக்கிட்டு நிற்கிற யெஸெர்ஷீ மாளிகையிலிருந்து பார்த்தா அதன் முழு அகலமும் தெரியும். பீத்தோவன் தன் மூணாவது சிம்ஃபொனியைச் சமர்ப்பணம் பண்ணினது லோப்கோவிட்ஸ் இளவரசருக்கு. அவர் குடும்பத்து மாளிகை அது. கீழே இருந்த பூங்காவைச் சுரங்கம் தின்னுடுச்சு. மாளிகை மட்டும் எப்படியோ தப்பிச்சுது.

கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகு, 1991-ல் பெத்ர் பித்ஹார்ட் தலைமையிலான செக் அரசு ஒரு கோடு போட்டது. இந்தக் கோட்டைத் தாண்டித் தோண்டக் கூடாது. ஹோர்னி யிர்ஷெதீன் கோட்டுக்குப் பாதுகாப்பான பக்கம். ஆனா கோடு போட்டா போதுமா? பக்கத்து லிப்கோவிட்ஸே கிராமத்தைத் தொண்ணூறுகளில், ஜனநாயகம் வந்த பிறகு, போராட்டங்களையும் மீறி இடிச்சாங்க. 'கோட்டை நீக்கணும், கீழே எவ்வளவு கரி இருக்கு தெரியுமா?' என்று வருஷா வருஷம் பேச்சு வரும். 2005-ல் இந்த ஊர் ஜனங்க தாங்களே ஓட்டெடுப்பு நடத்தினாங்க. விழுந்த ஓட்டில் கிட்டத்தட்ட எல்லாமே 'தோண்டாதே'. சுரங்கத்துக்காக வீட்டைக் கட்டாயமா எடுத்துக்கலாம் என்று இருந்த சட்டப் பிரிவையும் 2012-ல் திருத்தம் கொண்டுவந்து நீக்கினாங்க. 2015 அக்டோபரில் அரசு மறுபடி உட்கார்ந்து பேசி, பீலினா சுரங்கத்துக்குக் கோட்டைத் தளர்த்தினது, இங்கே மட்டும் தளர்த்தலை. 2024-ல் இந்தச் சுரங்கம் கரி எடுப்பதையே நிறுத்திடுச்சு.

நெய்வேலிப் பக்கம் வளர்ந்த எனக்கு, 'கோடு' என்கிற வார்த்தையைக் கேட்டதும் என்னமோ பண்ணிச்சு. நம்ம பக்கத்தில் இன்னும் எத்தனை ஊர் கோட்டுக்கு எந்தப் பக்கம்னு தெரியாம இருக்கு.

நண்பனின் அத்தை வீடு இந்த ஊரில்தான். கூரை புதுசு. பக்கத்து வீட்டில் சாரம் கட்டி பெயின்ட் அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. "முன்னாடி எல்லாம் ஓடு உடைஞ்சா பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுவோம். எப்போ இடிப்பான்னு தெரியாத வீட்டுக்கு யார் செலவு பண்றது? பேங்க்கில் கடன் கேட்டா, ஊர் பேரைக் கேட்டதுமே முகம் மாறும்" என்றார் அத்தை. அந்த 2015 முடிவு வந்த மறு வசந்தத்தில் தோட்டத்தில் ஒரு வால்நட் கன்று வெச்சாராம். வால்நட் ஏன் என்றால், அது காய்க்க வருஷக்கணக்கில் ஆகுமே, அதுக்காகவே வெச்சாராம்.

கிளம்பும்போது மரத்தடியில் பொறுக்கி ஒரு துணிப்பை நிறையக் கொடுத்தார். ப்ராக் வர்ற வரைக்கும் பஸ்ஸில் உடைச்சு உடைச்சுத் தின்னுக்கிட்டே வந்தோம். விரலெல்லாம் கறுப்பு. சோப்பு போட்டும் ரெண்டு நாள் போகலை.